மூன்றாவது பெடல்

இல்லாமற்போன ஒன்றை இல்லாமலே சமாளிக்கப் பழகிவிட்ட ஒருவர், அது கட்டாயம் தேவைப்படுகிற ஒரு வேலையைத் தானே கேட்டு வாங்குவாரா? வாங்கினால் அதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா, வெறும் அலுப்பு என்பதா? விசுவமடு ஜெயரூபியை நினைக்கும் போதெல்லாம் முன்ஸிருக்கு இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. அவன் கராஜ் வைத்திருப்பவன். கேள்விகளோடு நெடுநேரம் இருந்து பழகியவன் அல்ல. ஒரு சத்தம் கேட்டால் அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்திவிட வேண்டும் அவனுக்கு. இந்தச் சத்தம் நிற்கவில்லை.

அவனுடைய கராஜ் புதுக்குடியிருப்பில், பரந்தன் வீதியில் இருந்தது. ஜெயரூபியின் கார் ஒரு வெள்ளிக்கிழமை காலை உழவு மெசினுக்குப் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்தது. பழைய ஜப்பான் கார், வெள்ளை நிறம், தானாகவே மாறுகிற ஓட்டோ கியர். கால் வைக்க இரண்டே பெடல்கள்: ஒன்று ஓட, ஒன்று நிற்க. அந்தக் காரில்தான் அவள் வாரத்தில் இரண்டு நாள், சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் போகிற மூன்று பேரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். மற்ற நாட்களில் கலியாணம், கோயில், பேறுகாலம் என்று எது வந்தாலும் ஓடினாள்.

முன்ஸிர் அடியில் படுத்துப் பார்த்தான். கியர்பெட்டிக்குள் இருந்த எண்ணெய் கறுத்து, கருகின மணம் வீசியது. ஆரோ ஒருவர் எண்ணெய் குறைந்திருக்கிறதென்று நினைத்து, என்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெயை அதற்குள் ஊற்றியிருக்க வேண்டும்.

"அக்கா, இந்தப் பெட்டி முடிஞ்சுது."

"வேற பெட்டி?"

"கொழும்பிலதான் தேடோணும். ஒரு மாசம் செல்லும். வந்தாலும் அதுவும் ஆரோ ஓடிக் கழிச்சதுதானே. என்னைக் கேட்டா மெனுவலா மாத்திவிடுங்கோ. வவுனியாவில நாளைக்கே சாமான் எடுக்கலாம். பழுதானாலும் ரோட்டோரத்தில வச்சே திருத்தலாம். கிளச்சை மிதிச்சமா, கியரைப் போட்டமா, போனமா எண்டிருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுடைய கண் அவளுடைய இடது செருப்புக்குப் போனது.

இந்தப் பக்கத்தில் செயற்கைக் கால் ஒரு செய்தியல்ல. சந்தையில், வங்கி வரிசையில், வயல் வரம்பில் எங்கும் இருக்கிறது. பார்த்துப் பார்த்தே ஆட்கள் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஜெயரூபிக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்பது முன்ஸிருக்கு ஆறு வருடமாகத் தெரியும். நன்றாகத் தெரிந்ததால்தான் மறந்திருந்தான். வெளியூர்க்காரன் ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தால் அவளைப் பார்த்துக் கிளச் என்ற சொல்லையே எடுத்திருக்கமாட்டான்.

"அக்கா, நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டன். கொழும்புக்கே சொல்லுவம்."

"இல்லை. மெனுவலே போடும்."

"கால்…"

"கால் என்ர. நீர் பெட்டியைப் பற்றிச் சொல்லும்."

முன்ஸிர் பெட்டியைப் பற்றிச் சொன்னான். பெட்டி மட்டும் காணாது, என்ஜினோடு சேர்கிற கனத்த சில்லும் மாற வேண்டும், கிளச் தட்டு, கேபிள், பெடல், நடுவில் கியர்க் கம்பி எல்லாம் வேண்டும். அவளுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஓட்டோ வாகனம் மட்டும் என்று அடித்திருக்கிறது. ஆகவே மெனுவல் காரில் திரும்ப ட்ரையல் என்கிற ஓட்டுப் பரீட்சையில் ஓடிக் காட்ட வேண்டும். அதுவரை ஆட்களை ஏற்ற முடியாது. இதைச் சொன்னால் மனம் மாறுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, "எப்ப வவுனியாவுக்குப் போறீர்?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவி ஷிஹானா கேட்டாள். "ஏனாமப்பா? இருக்கிற கால் வலது. அதுக்கு ரெண்டு பெடல் போதுமெல்லோ?"

"கேக்கேல்ல."

"கேளுங்கோவன்."

"எப்படிக் கேக்கிறது?"

அந்த ஊரில் கேட்கப்படாத கேள்விகள் இருந்தன. யுத்தம் முடிந்த 2009க்கு முன் நீ என்ன செய்தாய், எங்கே நின்றாய் என்று ஜெயரூபியின் வயதுக்காரர்களை எவரும் கேட்பதில்லை. அதேபோல் முன்ஸிரையும் எவரும் கேட்பதில்லை. எட்டு வயதில், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட 1990இல், தாய் தகப்பனோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவை விட்டுப் போனவன் புத்தளத்தில் எப்படி வளர்ந்தான், ஏன் திரும்பி வந்தான் என்று ஜெயரூபி ஒருநாளும் கேட்டதில்லை. அது பகை அல்ல. மரியாதை என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மேசை கிடப்பது போல அது இருந்தது. சாமான்களை அதன்மேல் வைத்துக் கைமாற்றிக்கொள்ளலாம். மேசைக்கு மேலால் எட்டிப்பார்ப்பதில்லை.

வவுனியாவில் பழைய வாகனங்களை உடைத்து விற்கிற இடத்தில் சாமான் கிடைத்தது. வேலை ஒன்பது நாள் எடுத்தது. முன்ஸிர் இதைவிட வேகமாகச் செய்யக்கூடியவன். இந்த வேலையில் மட்டும் ஒவ்வோர் ஆணியையும் இரண்டு முறை இறுக்கினான். கிளச் பெடலைப் பூட்டிக் கழற்றிப் பூட்டினான். வழக்கமான இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிவைத்தால் அவளுடைய காலுக்கு நேராக வரும் என்று தோன்றியது. பெடலின் முகத்தை அகலமாக்கி, செருப்பு வழுக்காமலிருக்கப் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு ரப்பர் வெட்டி ஒட்டினான். மிதிக்கிற பாரம் குறைய வேண்டுமென்று பெடலின் தண்டை நீட்டினான். தன் இடது காலைச் செருப்போடு ஒரு பலகைத் துண்டில் கட்டி, பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்து, தானே மிதித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று சொல்வது பாதம்தான். அந்தப் பாதத்துக்கு ஒன்றும் தெரியாவிட்டால் மனிதன் எதைக் கொண்டு ஓடுவது?

ஆறாம் நாள் ஜெயரூபி வந்தாள். கார் தாங்கிகளில் உயர்ந்து நின்றது. ஏறி இருக்கையில் அமர்ந்து, புதிதாக முளைத்திருந்த கியர்க் கம்பியில் கையை வைத்தாள். வெளியே வீதியில் ஒரு மாடு குறுக்கே போவதைப் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டாள். கை தடுமாறவில்லை. திரும்ப இறக்கிக்கொண்டு வந்து நடுவில் விட்டாள். முன்ஸிர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினான். அந்தக் கைக்கு இது புதிதல்ல. எந்த வாகனத்தில், எந்த வீதியில் பழகிய கை என்பது மேசைக்கு அந்தப் பக்கத்து விசயம். அவன் ஸ்பானரைத் துடைத்து முடித்துவிட்டு, துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான்.

ஒன்பதாம் நாள் கார் நிலத்தில் இறங்கியது. ஓட்டோ காரில் கியரில் கிடந்தால் என்ஜின் எழும்பாது. அதற்கென்று இரண்டு வயர்கள் இருக்கின்றன. மாற்றும்போது அந்த வயர்களைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இனி எந்த நிலையிலும் என்ஜின் எழும்பும். முன்ஸிர் இதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜெயரூபி ஏறியிருந்து சாவியைத் திருப்பிவிட்டாள். கார் முதலாம் கியரில் கிடந்தது. வெள்ளைக் கார் வெருண்ட கன்று மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி, வாசலில் நின்ற எண்ணெய்ப் பீப்பாவில் முட்டி நின்றது.

முன்ஸிர் காரடிக்கு ஓடினான். ஜெயரூபி யன்னலால் தலையை நீட்டினாள்.

"உம்மட பீப்பாவுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"பீப்பா கிடக்கட்டும். நீங்கள்?"

"நல்லா இருந்தது," என்றாள்.

அடுத்த நாள் அவளுடைய தங்கை பிரேமிளா வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. ஸ்கூட்டியை நிறுத்தாமலே தொடங்கினாள்.

"உமக்கு விசரே? காலில்லாத மனுசிக்குக் கிளச் பூட்டி விட்டிருக்கிறீர்!"

"டீச்சர், அக்காதான்…"

"அவா நாளைக்குப் பிளேன் வேணும் எண்டா செட்டை பூட்டி விடுவீரோ? ஆர் முதல்ல மெனுவல் எண்டு சொன்னது? அவாவோ, நீரோ?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி கராஜில் நின்றது. நான்தான். நான் சொல்லாவிட்டால் ஜெயரூபி அக்காவுக்கு அந்த எண்ணமே வந்திராது. அல்லது பல வருடமாக வந்துகொண்டிருந்த எண்ணத்துக்கு என் வாய் ஒரு சாட்டாக அமைந்ததோ? எப்படி இருந்தாலும், அந்தக் கால் ஒரு நாள் வழுக்கி, கார் ஒரு சைக்கிள்காரனில் ஏறினால், பெடலைப் பூட்டியவன் நான். அன்று அவன் செய்த வேலை ஒன்றும் சரியாக அமையவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் சங்கிலியை இரண்டு முறை தலைகீழாகப் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழக்கம் தொடங்கியது. பழகுகிறவர்கள் கட்டுகிற எல் போட்டைக் கட்டி, முன்ஸிர் பக்கத்தில் இருக்க, விசுவமடுவில் ஒரு வெறும் வளவில் ஓடினார்கள். பின் இருக்கையில் முத்துலிங்கம் வந்து ஏறினார். அவளுடைய மூன்று நோயாளிகளில் ஒருவர். நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரை ஆரும் கூப்பிடவில்லை.

"ஐயா, ஆக்கள் ஏத்தக் கூடாது," என்றான் முன்ஸிர்.

"நான் ஆளில்லைத் தம்பி. அரைவாசி ஆஸ்பத்திரிச் சாமான். ஓட்டுங்கோ."

கார் நின்றது. எழும்பியது. துள்ளி நின்றது. முத்துலிங்கத்தின் கண்ணாடி மடியில் விழுந்தது.

"பிள்ளை, ஒரு அங்குலம் கெதியா விட்டிட்டாய்."

"ஐயாவுக்கு எப்படித் தெரியும் ஒரு அங்குலம் எண்டு?"

"முப்பத்தொரு வருசம் அளந்தனான். என்ர பல்லு சொல்லுது."

இரண்டு ஞாயிறு அப்படியே போனது. மூன்றாம் ஞாயிறு ஜெயரூபி வானொலியைக் கழற்றிவிடச் சொன்னாள். முத்துலிங்கத்தை வாயை மூடச் சொன்னாள். யன்னல்களை இறக்கிவிட்டு, என்ஜினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். சத்தம் இலேசாகக் கனக்கிற இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் தொடையை நிறுத்தினாள். கார் மெல்ல அசைந்தது. பாதத்துக்குத் தெரியாததைக் காதும் தொடையும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டன. வளவை மூன்று சுற்றுச் சுற்றி நிறுத்தினாள். முத்துலிங்கம் பின்னாலிருந்து, "இப்ப கதைக்கலாமோ?" என்று கேட்டார்.

அவள் இறங்கி, கதவுக்குப் பின்னால் நின்று செயற்கைக் காலைக் கழற்றித் துணியால் துடைத்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து உரசியிருந்ததை முன்ஸிர் காணாதது போலக் கண்டான்.

முதல் ட்ரையல் கிளிநொச்சியில். கம்பங்களுக்கு நடுவில் பின்னால் எடுத்தது சரி. வீதியில் ஓடியதும் சரி. புகையிரதக் கடவையில்தான் பிசகியது. வன்னி முழுவதும் தட்டையான நிலம். அந்தத் தண்டவாளம் போகிற மேடு மட்டும்தான் ஏற்றம். கதவு மூடியிருந்தது. திறந்ததும் முன்னால் நின்ற லொறி போனது. ஜெயரூபியின் கார் பின்னுக்கு உருண்டது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் என்ஜினின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை என்ஜின் நின்றது. பரிசோதகர் நல்ல மனிதர். "ஓட்டோ கார் கொண்டு வாங்கோ அம்மா, உங்களுக்கு ஏற்கெனவே அதுக்கு இருக்குதானே," என்றார். அடுத்த தவணை ஐந்து கிழமை கழித்து.

அந்த ஐந்து கிழமைதான் முன்ஸிருக்குக் கொடியது. அவளுடைய நோயாளிகள் பஸ்ஸில் போனார்கள். இரத்தம் சுத்திகரித்து முடிந்தவருக்கு நிற்கவே தலை சுற்றும். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முத்துலிங்கம் விசுவமடுவில் பஸ்ஸால் இறங்கும்போது மிதிபலகையில் தவறி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது. செய்தி கேட்டு முன்ஸிர் மோட்டார் சைக்கிளில் போனான். ஜெயரூபி முன்னமே அங்கே இருந்தாள். முத்துலிங்கம் துணி சுற்றிய கையை உயர்த்திக் காட்டினார்.

"தம்பி, இனி நானும் ஓட்டோ கியர்தான். ஒரு கைதான் வேலை செய்யுது."

ஜெயரூபி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது வேலிப் படலையடியில் முன்ஸிர் சொன்னான்.

"அக்கா, கொழும்பில ஓட்டோ பெட்டி ஒண்டு வந்து கிடக்காம். எனக்குக் காசு வேண்டாம். நான் சொன்ன பிழைக்கு நானே மாத்தித் தாறன்."

"நீர் என்ன பிழை சொன்னீர்?"

"மெனுவல் எண்டு சொன்னது."

"அது பிழையோ?" என்றாள். கேள்வியா கோபமா என்று அவனுக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் அவனுக்குக் கைப்பிடி யோசனை வந்தது. வவுனியாவில் ஒரு முறை கண்டிருந்தான்: கியர்க் கம்பியோடு சேர்த்து ஒரு பிடி, பிடியை அழுத்தினால் கேபிள் இழுபட்டுக் கிளச் இறங்கும். காலே வேண்டாம். மூன்று நாளில் அதைச் செய்து பூட்டினான். பாரம் குறையப் பிடிக்குக் கீழே நீண்ட தண்டு ஒன்று வைத்தான். பெடலும் இருந்தது, பிடியும் இருந்தது. ஜெயரூபி ஏறிப் பிடியால் ஓட்டிப் பார்த்தாள். முதல் முறையே தண்ணீர் ஓடுவது போல ஓடியது. குளக்கட்டின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள். ஒரு சாண் கூடப் பின்னுக்கு உருளவில்லை. விசேட பொருத்தம் உள்ள வாகனம் என்று எழுதி அனுமதிப்பத்திரம் தருவார்கள் என்று முன்ஸிர் விசாரித்து வைத்திருந்தான். பிரேமிளாவுக்கும் சொல்லிவிட்டான். பல நாட்களுக்குப் பிறகு அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

இரண்டாவது ட்ரையல் அன்று காலை கிளிநொச்சியில், பரிசோதனை இடத்துக்குப் பத்து யார் தூரம் முன்னால், ஜெயரூபி காரை மரநிழலில் நிறுத்தினாள். பின்னால் போய்ச் சாமான் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்பானரை எடுத்தாள். கியர்க் கம்பிக்கு அடியில் குனிந்து இரண்டு நட்டுகளைக் கழற்றினாள். கேபிளை விடுவித்தாள். பிடியைத் தண்டோடு எடுத்து முன்ஸிரின் கையில் வைத்தாள்.

"அக்கா, என்ன வேலை இது?"

"இதைப் பிடியும்."

"முத்துலிங்கம் ஐயா பஸ்ஸில விழுந்தது மறந்து போச்சோ? இண்டைக்கும் விட்டா இன்னும் ஐஞ்சு கிழமை!"

அவள் செயற்கைக் காலின் பட்டியை இறுக்கினாள். முகம் வெளிறியிருந்தது. மறக்கவில்லை என்பது அதில் தெரிந்தது. காரை எடுத்துக்கொண்டு போனாள்.

முன்ஸிரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேநீர்க் கடையில் தேநீரைச் சொல்லிவிட்டுக் குடிக்காமல் எழுந்தான். கையில் கனத்த பிடியோடு புகையிரதக் கடவைக்கு நடந்தான். கதவு மூடியிருந்தது. ஒரு பஸ், ஒரு நெல் மூட்டை லொறி, அதற்குப் பின்னால் மேட்டில் வெள்ளைக் கார். உள்ளே அவளுக்குப் பக்கத்தில் பரிசோதகர். காருக்குப் பின்னால் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள். அவளுடைய யன்னல்கள் இறங்கியிருந்தன. யாழ்ப்பாணம் போகும் ரயில் வந்து, எல்லாச் சத்தத்தையும் தானே எடுத்துக்கொண்டு போனது. கதவு உயர்ந்தது. பஸ் போனது. லொறி கரும்புகை விட்டுப் போனது. பின்னால் ஹோர்ன்கள் தொடங்கின. கார் அசையவில்லை. முன்ஸிரின் இடது கால் தன்பாட்டில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னொரு ஹோர்ன். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஏதோ ஏசினான். பிறகு காரின் முன்பக்கம் மூச்செடுப்பது போல இலேசாக உயர்ந்தது. பின்னுக்கு உருளாமல், அவசரப்படாமல், தண்டவாளத்தின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஜெயரூபி தாளை அவனுக்குக் காட்டினாள். விசேட பொருத்தம் என்று அதில் எதுவும் இல்லை. ஓட்டோ மட்டும் என்றும் இல்லை. மற்ற ஆட்களுக்கு எப்படி எழுதுவார்களோ அப்படி எழுதியிருந்தது. அவள் அதை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பெரிதாக மகிழ்ந்தாள் என்று சொல்ல முடியாது. "பசிக்குது, ரொட்டி வாங்குவம்," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. மூன்று நோயாளிகளும் உள்ளே இருந்தார்கள். முன் இருக்கையில் முத்துலிங்கம், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி. விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகிறவள் எதிர்ப்பக்கமாகப் புதுக்குடியிருப்புக்கு வந்திருக்கிறாள். முன்ஸிர் ஏதோ கழன்றுவிட்டதென்று பதறி ஓடி வந்தான்.

"அந்தப் பிடி இருக்கே?" என்று கேட்டாள் ஜெயரூபி.

"இருக்கு. ஏன், கால் நோகுதோ?"

"பூட்டிவிடும்."

"ட்ரையல் காலாலதானே பாஸ் பண்ணினனீங்கள்?"

முத்துலிங்கமும் திரும்பிப் பார்த்தார். "அதுதானே பிள்ளை! காலுக்கெண்டெல்லோ அந்தப் பாடு பட்டனீ. இஞ்ச வரைக்கும் காலாலதான் ஓட்டிக்கொண்டு வந்தவள், தம்பி. ஒரு துள்ளும் இல்லை. என்ர பல்லு சாட்சி."

ஜெயரூபி இருவரையும் பார்த்தாள். கோபமில்லை. சொல்ல ஏதோ இருப்பது போலவும் இல்லை.

"எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில நிக்கோணும்," என்றாள். "கெதியாப் பூட்டும்."

முன்ஸிர் உள்ளே போய்ப் பிடியை எடுத்து வந்து, குனிந்து, இரண்டு நட்டுகளையும் இறுக்கினான். அவள் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்து அதற்கு இடப்பக்கமாகத் தரையில் வைத்தாள். கையால் பிடியை அழுத்திக் கியரைப் போட்டு, காரைத் திருப்பிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போனாள். அதன் பிறகு அவள் எந்த நாளும் அப்படியே ஓட்டினாள்.